கேட்டில் பிடிபட்ட எட்டு ஃபிளாப்பி

முனவர் பேகத்தைத் திருடி என்று சொன்ன நாளில் நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவளைப் பற்றி நான் எவ்வளவு பெருமையாக எழுதினாலும், என்னை யோக்கியன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

1994-ஆம் வருஷம். திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் பேக்கிங் இன்சார்ஜ். முதலாளி சாமியப்பன். மேனேஜர் குமாரவேல், முதலாளியின் மச்சினன். ஆபீஸ் அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராம் அதில் ஓடியது. நூல் வந்து இறங்கியதிலிருந்து நிட்டிங், டையிங், கட்டிங், கடைசியில் என் பேக்கிங் வரை ஒவ்வொரு ஆர்டரின் விவரமும் அதற்குள்தான். எந்த அட்டைப்பெட்டியில் என்ன சைஸ், என்ன கலர் என்று நான் சொல்வேன், அது ஏறிவிடும்.

உள்ளே போக ஒரு பாஸ்வேர்டு வேண்டும். முருகா என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். ஆபீசில் பதினொரு பேருக்கும் அதே பாஸ்வேர்டுதான். டீ கொண்டு வருகிறவருக்கும் தெரியும். கம்பெனி முகப்பில் 'முருகன் துணை' என்று மூன்றடி உயரத்துக்கு எழுதியிருந்ததால் தெரியாதவர்களும் சிரமப்பட வேண்டியதில்லை.

அங்கேதான் முனவர் வேலைக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவளுடைய அத்தா நஜீமுதீன், காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன், அதாவது ஏற்றுமதியில் கழித்துவிட்ட பனியன் வியாபாரம். டைப்ரைட்டிங் முடித்து, அதே இன்ஸ்டிடியூட் மாடியில் கம்ப்யூட்டரும் படித்திருந்தாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் கெட்டு, இரண்டு மாத வேலையை ஒற்றை ஆளாக மறுபடி டைப் அடித்தவள். அந்தச் சூடு அவளுக்கு ஆறவே இல்லை.

வந்த இரண்டாம் நாளே என்னிடம் கேட்டாள். "ஏனுங்கண்ணா, இந்தப் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சாத்தான வேலை நடக்கும்?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த வாரமே ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்துவிட்டது. யாருக்கு எந்த வேலையோ அந்தப் பக்கம் மட்டும்தான் திறக்கும். வேலையை விட்டு நின்றவர் பேர் அன்றைக்கே போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வருஷ சர்வீஸ், நேற்று வந்த பெண் என்னைப் பூட்டிவைக்கிறாள். சரி என்று மயிலாள் என்று என் சம்சாரத்தின் பெயரை வைத்தேன். முனவர் முதல் தடவையிலேயே கண்டுபிடித்துத் திறந்து காட்டிவிட்டு, "வேற வைங்கண்ணா" என்றாள். வேறு வைத்து, மறந்துவிடுமே என்று டேப் உருளையின் உள்பக்கம் எழுதி வைத்தேன். அதையும் கண்டுபிடித்தாள்.

இன்னொரு சட்டமும் போட்டாள். வெளியிலிருந்து வரும் எந்த ஃபிளாப்பியும் அவளைக் கேட்காமல் மெஷினுக்குள் போகக் கூடாது. மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினில் அதை முதலில் போட்டுப் பார்ப்பாள். அப்புறம், தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் இரண்டு செட் ஃபிளாப்பியில் காப்பி எடுப்பாள். ஒரு செட் ஆபீஸ் பீரோவில் இருக்கும். இன்னொரு செட் அவளோடு வீட்டுக்குப் போகும். அதற்கு முதலாளியிடம் முறையாக அனுமதி கேட்டாள். "ஒரு செட்டு வெளிய இருக்கோணுங்க. இங்க தீப்புடிச்சாலும் அது தப்பிக்கும்" என்றாள். முதலாளி போனில் பேசிக்கொண்டே "சரி கண்ணு, சரி" என்று கையை ஆட்டினார். அப்போது அந்த அறையில் மூன்றாவது ஆளாக நான் இருந்தேன்.

திருப்பூரில் சாயங்காலம் வேலை விட்டுப் போகிறவர்களின் பையைக் கேட்டில் திறந்து பார்ப்பார்கள். ஒரு பனியனைச் சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அதனால் அந்த வழக்கம். ஆபீஸ் ஆட்களை மட்டும் விட்டுவிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை புது வாட்ச்மேன் வந்தார். அவருக்கு ஆபீஸும் ஒன்றுதான், தையலும் ஒன்றுதான். முனவரின் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே எட்டு ஃபிளாப்பி, அடிபடாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு முழம் பனியன் துணி. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த வேஸ்ட். ஃபிளாப்பி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது, துணியைத்தான் தெரியும். "துணி திருடிட்டுப் போகுது" என்று சத்தம் போட்டார். ஷிப்ட் விட்டு முந்நூறு பேர் நின்ற நேரம்.

குமாரவேல் ஓடி வந்தார். துணியைத் தூரப் போட்டுவிட்டு ஃபிளாப்பியைத் தூக்கிக் காட்டினார். "மாமா, துணி கெடக்குது. இதைப் பாருங்க. நம்ம ஆர்டர் பூராவும் இதுலதான் இருக்குது. எவனுக்கோ வித்துட்டிருக்குது."

முனவர் முதலாளியைப் பார்த்தாள். "உங்ககிட்டக் கேட்டுத்தாங்க கொண்டுபோறேன். நீங்க சரின்னு சொன்னீங்க."

முதலாளிக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. குமாரவேல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"நாளைக்கு ஊட்டுலயே இரு கண்ணு. யோசிச்சுச் சொல்றேன்" என்றார் முதலாளி. எட்டு ஃபிளாப்பியும் சாட்சியாக அவருடைய மேஜைக்குள் போயின. கூட்டம் விலகி வழிவிட, அந்தப் பெண் காலி டிபன் பாக்ஸோடு நடந்து போனாள்.

புதன்கிழமை அவள் இல்லாததால் சட்டமும் இல்லை. முதலாளி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஃபிளாப்பி ஒன்று அப்போது ஊரில் கம்பெனி கம்பெனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி அதை எங்கிருந்தோ வாங்கி வந்து, தன் கையாலேயே மெஷினில் போட்டார். பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஆபீசுக்கே ஜிலேபி வந்தது, நானும் இரண்டு தின்றேன்.

வியாழக்கிழமை காலை மெஷினைப் போட்டால் திரை முழுவதும் கொக்கியும் கோடுமாக ஏதேதோ எழுத்து. ஆர்டர் லிஸ்ட் எதுவும் இல்லை. ஜாதகத்தோடு வைரஸும் வந்திருக்கிறது. குமாரவேல் பதறிப்போய்ப் பீரோவிலிருந்த செட்டை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். போட்டதெல்லாம் கெட்டது. பிறகு முதலாளி மேஜையிலிருந்த எட்டையும் போட்டார். அவை திறக்கவே இல்லை, பாஸ்வேர்டு கேட்டன.

"கோவத்துல அவதான் மாமா ஏதோ பண்ணிட்டுப் போயிட்டா" என்றார் குமாரவேல்.

சனிக்கிழமை தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏற வேண்டும். ஆயிரத்து நூறு பெட்டி ஒட்டி அடுக்கியாகிவிட்டது. எதில் என்ன இருக்கிறது என்ற லிஸ்ட் மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது. பிரிண்ட் எடுப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன் நான். ஆயிரத்து நூறு பெட்டியையும் பிரித்து எண்ணுவதை நினைத்ததும் எனக்கு வாய் வந்தது. நியாயத்துக்காகப் பேசினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தில் பேசினேன்.

"நேத்து அந்தப் பொண்ணு வரவே இல்லீங்க. ஜாதக ஃபிளாப்பி போட்டது நீங்க. அந்தச் செட்டை ஊட்டுக்குக் கொண்டுபோகட்டுமான்னு அது கேட்டதும் நெசம், நீங்க போன்ல பேசிட்டே சரின்னதும் நெசமுங்க. நான் அங்கதான் நின்னேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கெழமை உங்களுக்கு வாயில்லீங்களா?" என்று கேட்டார். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

டிவிஎஸ் ஃபிஃப்டியில் போனேன். வாசலிலேயே நஜீமுதீன் மறித்தார். "திருடின்னு சொன்ன எடத்துக்கு எம்புள்ள வராதுங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். உள்ளே இருந்து முனவர் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அத்தா, நான் போகலைன்னா அந்தப் பேரு அப்படியே நின்னுரும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஆபீசுக்கு வந்ததும் மெஷினை அணைக்கச் சொன்னாள். எட்டு ஃபிளாப்பியையும் கையில் வாங்கி, ஒவ்வொன்றின் மூலையையும் பார்த்தாள். அங்கே ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்துவிட்டால், அந்த ஃபிளாப்பியைப் படிக்க முடியும், எதுவும் அதற்குள் எழுத முடியாது. வைரஸும்தான். எட்டிலும் ஓட்டை தெரிந்தது. பீரோ செட்டில் தினமும் மேலேயே எழுதுவதால் தள்ளவில்லை. வீட்டுக்குப் போகும் செட்டில் ஒரு நாளும் தள்ளாமல் விட்டதில்லை. முனவர் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கோயம்புத்தூர்க்காரர் பஸ் பிடித்து வந்தார். மெஷினைச் சுத்தமாக அழித்துப் புரோகிராமை மறுபடி ஏற்றினார். வழியில் தொலைந்தாலும் யாரும் திறக்கக் கூடாது என்று அந்தச் செட்டுக்குத் தான் போட்டு வைத்திருந்த பாஸ்வேர்டை முனவர் அடித்தாள். முதல் ஃபிளாப்பி, இரண்டாவது, மூன்றாவது. எட்டாவது முடிந்ததும் என் பெட்டிகள் திரையில் வரிசையாக இறங்கின. செவ்வாய்க்கிழமை வரை ஒன்று குறையாமல். நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். புதன்கிழமை கட்டிய அறுபது பெட்டியை மட்டும் பிரித்து எண்ணினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் லிஸ்ட் முழுவதும் பிரிண்ட் ஆகி என் கைக்கு வந்துவிட்டது.

முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "தப்பா நெனச்சுட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத. என்ன வேணும்னு சொல்லு."

"திருடின்னு சொன்னது கேட்டுலீங்க. இல்லைன்னு சொல்றதும் கேட்டுலதான் சொல்லோணுங்க. இந்த ரூமுக்குள்ள வேண்டாங்க" என்றாள்.

குமாரவேல் எழுந்து வெளியே போனார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு நடந்தார். வெளியே போக நின்ற முந்நூறு பேரையும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு எதையும் திருடலைங்க. என்கிட்டக் கேட்டுத்தான் கொண்டுபோச்சு. அது காப்பாத்தி வெச்சதுனாலதான் நாளைக்குச் சரக்கு ஏறுது. மெஷினைக் கெடுத்தது நான்."

முதலில் தையல் பக்கத்துப் பெண்கள் கை தட்டினார்கள், அப்புறம் கேட்டே அதிர்ந்தது. முனவர் அழுதாள், நானும் அழுதேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வாட்ச்மேனிடம் நீட்டினாள். அன்றைய எட்டு ஃபிளாப்பி. அவர் எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதினார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"வெளிய போறதைப் பாக்கறீங்க. உள்ள வர்றதை யாரும் பாக்கறதில்லீங்க. திங்கக்கெழமையிலருந்து அதையும் பாக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை முதலாளியின் கார் கேட்டில் நின்றது. வாட்ச்மேன் தயங்கித் தயங்கித்தான் கிட்டப் போனார். முதலாளி தானே பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஏஜென்டு ஆபீசிலிருந்து வந்த புது ஆர்டர், ஃபிளாப்பியில். வாட்ச்மேன் முனவரைக் கூப்பிட்டார்.

"பழைய மெஷின்ல போட்டுப் பாத்துட்டுத் தர்றேனுங்க" என்று அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பார்த்து முடிக்கும் வரை முதலாளி ஆபீஸ் வாசலில், வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில் காத்திருந்தார்.