பக்கத்து சீட்டில் தூங்கியவர்

நாகரசம்பட்டியிலிருந்து ஐடிஐ சான்றிதழோடு ஓசூருக்கு வந்த முஹ்சின், பதினோரு வருடமாக ஒரே கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். இரவு ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்க வீடு மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். ஏழு வயது மகள் நாஸியா குதிகால் தரையில் படாமல் நடப்பாள். ஒருமுறை அவள் கையிலிருந்து தட்டு நழுவி விழ, தூக்கம் கலைந்து எழுந்து வந்தவன், அவள் கன்னத்தில் ஒன்று வைத்தான். அதன்பிறகு அந்த வீட்டில் தட்டு விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடியில் அப்பாக்களுக்கென்று அருணா டீச்சர் ஒரு வகுப்பு நடத்தினார். மனைவி அதியாவின் நச்சரிப்பு தாங்காமல் முஹ்சினும் போனான். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் ஐந்து ஆண்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

“புள்ளைய பெத்ததுக்குப் பரீட்சை வேற எழுதணுமா டீச்சர்?” என்றான் பால்காரன் மாதப்பன்.

“எழுதினாலும் நீங்க பாஸாக மாட்டீங்க. உங்க பொண்ணோட கிளாஸ் டீச்சர் பேரு என்ன?”

மாதப்பன் முஹ்சின் பக்கம் சாய்ந்தான். “பாய், கொஞ்சம் காட்டுய்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். முஹ்சினுக்கும் தன் மகளின் டீச்சர் பெயர் தெரியாது.

“என்னைக் கண்டா அவளுக்கு பயம் டீச்சர். பயம் இருந்தாத்தானே ஒழுங்கா வளரும்?” என்றான்.

“பயந்த புள்ள தப்பு பண்ணாம இருக்காது பாய். உங்ககிட்ட சொல்லாம இருக்கும்.”

அந்த வாரம் ஒவ்வொருவரும் பிள்ளைக்காக ஒரு வேலையைத் தினமும் தானே செய்ய வேண்டும், மனைவி அதைத் தொடக் கூடாது என்றார் டீச்சர். நாஸியாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதை முஹ்சின் எடுத்துக்கொண்டான். திங்களும் செவ்வாயும் சரியாகப் போனது. புதன்கிழமை, இரவு ஷிப்ட் முடிந்தும் அடுத்த ஷிப்ட் ஆள் வராததால் நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றுவிட்டு வந்து படுத்தான். கண் விழித்தபோது மணி மூன்று இருபது. பள்ளி விடுவது இரண்டே முக்காலுக்கு.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் வெள்ளைச்சாமி மட்டும் இருந்தார்.

“பாப்பா வாசல்ல ஆள் ஏத்த நின்ன கம்பெனி பஸ்ல ஏறிடுச்சே பாய்? ‘எங்க அத்தா உள்ள இருக்காரு’ன்னு சொல்லிட்டு ஓடுச்சு. நானும் நீங்கதான்னு நெனச்சேன்.”

“நான் இங்க இருக்கேனே! எந்தக் கம்பெனி பஸ்ஸு?”

“எல்லாம் வெள்ள வண்டிதானே பாய். ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் திரும்புச்சு.”

பஸ்ஸுக்குள் இருந்த அந்த அத்தா யார்? வண்டியைக் கிளப்பக் கால் மூன்று முறை வழுக்கியது.

அந்த ரோட்டில் சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் இறங்கியிருப்பதாக இரண்டு நாளாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாலையில் எங்காவது அவளை இறக்கிவிட்டிருந்தால்? இறக்காமலே கொண்டுபோயிருந்தால்? போலீஸில் முதலில் கேட்பது, என்ன உடுப்பு என்றுதான். புதன்கிழமை வேறு நிறச் சீருடை. அது என்ன நிறம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தையல் கம்பெனியில் இருக்கும் அதியாவுக்கு இரண்டு முறை போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தான்.

முதல் கம்பெனி கேட்டில் இல்லை என்றார்கள். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கேட்டில் அவன் வாயைத் திறக்கும் முன்பே செக்யூரிட்டி செல்லி எழுந்து வந்தாள்.

“நாஸியா அப்பாவா? என்ன ஆளுய்யா நீ! உள்ள வா.”

செக்யூரிட்டி அறை மூலையில், கையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டுடன் நாஸியா நின்றிருந்தாள். உடுப்பு பச்சை.

“பஸ்ல யாரோ ஒருத்தர் உன்னோடது மாதிரியே கம்பெனி சட்டையோட, மூஞ்சில துண்டப் போட்டுத் தூங்கியிருக்காரு. நீதான்னு நெனச்சு பக்கத்துல உக்காந்துக்கிச்சு. அவரு புள்ளன்னு மத்தவங்களும் விட்டுட்டாங்க. இங்க வந்து அவரு துண்ட எடுத்ததும் போட்டுது பாரு ஒரு கத்து! பாவம், அந்த மனுசனே நடுங்கிட்டாரு” என்றாள் செல்லி.

“இவ்ளோ தூரம் வந்திருக்க, ஒரு தடவ தொட்டு எழுப்பியிருக்கக் கூடாதா?” முஹ்சினின் குரல் உயர்ந்தது. கையும் உயர்ந்திருந்தது.

நாஸியா செல்லியின் முதுகுக்குப் பின்னால் போய்க் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

“எழுப்பினா அடிப்பீங்க” என்றாள்.

ஒரு மணி நேரமாக அவன் பயந்த அந்த ஆள், மகளுக்கு அவனேதான் என்று இப்போது தெரிந்தது. கையை இறக்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டான். போன் தட்டுப்பட்டது.

“அடிக்க மாட்டேன், வா.”

அவள் வரவில்லை. அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவன் தரையில் உட்கார்ந்து அதியாவை அழைத்தான்.

“அதியா, நம்ம பாப்பா என்கிட்டதான் இருக்கா. பயப்படாத. தெரியாம கம்பெனி பஸ்ல ஏறிட்டா… இல்ல, அவள ஒண்ணும் சொல்லாத. நான்தான் தூங்கிட்டேன். அவ மேல தப்பே இல்ல.”

எதிர்முனையில் அதியா அழுதுகொண்டே திட்டத் தொடங்கினாள். அறை முழுக்கக் கேட்டது. முஹ்சின் “ஆமா”, “என் தப்புதான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாஸியா செல்லியின் பின்னாலிருந்து தலையை நீட்டி, திட்டு வாங்கும் அத்தாவைப் பார்த்தாள். பிறகு இரண்டடி முன்னால் வந்து, அவன் கைக்கு எட்டாத தூரத்தில், தரையில் உட்கார்ந்தாள்.