கிடா என்றால் இரண்டு

கட்டிலில் கிடக்கும்போதும் கிளெம்மின் வலது மணிக்கட்டு சும்மா இருப்பதில்லை. போர்வையின் மேல் நீண்ட வீச்சாக ஓடித் திரும்புகிறது. ஹே என்ற ஊரின் வட்டாரத்துக் கொட்டகைகளில் முப்பது வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்த கை. அத்தனை காலம் குனிந்ததில் தேய்ந்த முதுகெலும்பில் நேற்று அறுவை நடந்தது. முதுகுக்குள் செருகிய மெல்லிய குழாய் வழியே வலிமருந்து இறங்குகிறது.

பக்கத்தில் அக்கா நோரீன் தலையணை உறையின் சுருக்கத்தை நீவுகிறாள். அதே கொட்டகைகளில் சமைத்தவள். "ஒரு ஆட்டுத் தோல்லகூட கீறல் விட்டதில்ல என் தம்பி" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறாள்.

தாதிகள் அவனைக் கட்டைபோல ஒருக்களித்துத் திருப்பும்போது, "இத்தனை வருசம் நான் ஆட்டைப் புரட்டுனேன். இப்போ என்னைப் புரட்டுறீங்க. பாத்து, காதை வெட்டிராதீங்க" என்கிறான்.

இன்று அவன் நாற்காலிவரை நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "நடந்துட்டுத்தான் காப்பி" என்றான். ஆனால் கையருகே கிடந்த பொத்தானைத் தொடவில்லை. அதை அழுத்தினால் குழாயில் இன்னும் கொஞ்சம் மருந்து இறங்கும். "அதெல்லாம் தாங்க முடியாதவனுக்கு."

தாதி சேலா வந்தாள். "வலி எவ்வளவுண்ணே, பத்துக்கு?"

"ரெண்டு, தங்கச்சி."

"அவ்வளவுதானா? அப்போ மருந்தைக் குறைக்கச் சொல்லலாம்."

அவன் மேலுதடு வியர்த்திருந்தது. நோரீன் அதைப் பார்த்துவிட்டாள்.

"இரும்மா. டேய், எந்த ரெண்டு?"

"கிடா" என்று முனகினான்.

"கொட்டகைக் கணக்கும்மா இது. பெட்டை ஆடு கத்தரிச்சா ஒண்ணு. கிடா முரண்டு பிடிக்கும், அதனால ஒரு கிடாவை ரெண்டாச் சேப்பாங்க. அதுக்கு மேல அவன்கிட்ட நம்பரே கிடையாது."

சேலா இடுப்பில் கை வைத்தாள். "இந்த வலியோடயா நடக்க இருந்தீங்க?"

"நடந்திருப்பேன்."

"விழுந்திருப்பே" என்றாள் அக்கா. "மழுங்குன கத்தியோட எந்தக் கிடாகிட்டயாவது போயிருக்கியாடா நீ?"

மருந்தில் கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க, சேலா அவன் பாதங்களை உள்ளங்கையில் வாங்கி அழுத்தச் சொன்னாள். இரண்டு கால்களிலும் பலம் இருந்தது. "பொத்தானை அழுத்துறது உங்க இஷ்டம்ணே" என்று நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

கிளெம்மின் வலது கை போர்வையின் மேல் துழாவியது. கத்தரிக்கும் கருவியைப் பிடிப்பதுபோலப் பொத்தானைப் பற்றி, கட்டைவிரலால் அழுத்தினான். வலி தணியும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தான். பிறகு ஒருக்களித்து எழுந்து, இடது காலைத் தரையில் ஊன்றினான்.