பலாலிக்கு முன்னால் போன பை

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கு விமானம் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். புங்குடுதீவில் எங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து பலாலிக்குப் போய்ச் சேர அதைப்போல மூன்று மடங்கு நேரம் வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லியே அன்று காலை அம்மாவை அவசரப்படுத்தினேன்.

எண்பத்து மூன்றின் தொடக்கம் அது. தெற்கே கடை வைத்திருந்த அப்பா கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் விடியவே ஒப்பரேஷன். அம்மா வந்து நிற்காமல் கையெழுத்து வைக்கமாட்டாராம் என்று மாமா தந்தி அடித்திருந்தார். அப்பாவின் பிடிவாதம் எங்களுக்குத் தெரியும், டொக்டருக்குத்தான் தெரியாது. இரவு ரயில் போய்ச் சேரவே விடிந்துவிடும். அதனால்தான் விமானம்.

அம்மாவுக்குப் பயம் விமானத்தில் அல்ல, ராகுகாலத்தில். நாங்கள் ஏறவேண்டிய பஸ் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். அதற்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்திலேயே பயணப் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. டிக்கெட்டும் அடையாள அட்டைகளும் இருந்த பையை அம்மா விடியவே பக்கத்து வீட்டு விறாந்தையில் வைத்தார். கிணற்றடியில் நின்ற அந்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம்.

திரும்பி வந்தால் அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது, பையைக் காணவில்லை. பலாலிக்கென்று சொல்லிப் பையோடு ஓடிப்போய் முதல் பஸ்ஸில் ஏறினார் என்று சந்திக் கடைக்காரர் சொன்னார்.

அக்கா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவர்; இந்த வழக்கமெல்லாம் தெரியாது. அம்மா சொன்னதும் காதில் விழவில்லை. விறாந்தையில் பை, எங்கள் வீட்டில் பூட்டு, பைக்குள் டிக்கெட். நாங்கள் மறந்துவிட்டுப் போய்விட்டோம் என்று நினைத்துவிட்டார்.

அக்காவைத் தவறவிட்டால் விமானமும் இல்லை, அப்பாவின் கையெழுத்தும் இல்லை. ராகுகாலத்தில் வந்த அந்த பஸ்ஸிலேயே ஏறி, நான் அம்மாவை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் இருந்தேன். அவ்வளவு கோபம். அம்மா தாலிக்கொடியைப் பிடித்தபடி இருந்தார்.

பலாலியில், வாசலுக்கு வெளியே வெயிலில், வீட்டுச் சேலையோடு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா ராகுகாலக் கதையைச் சொல்லச் சொல்ல அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப உங்கடை பயணம் நல்ல நேரத்திலைதான் துவங்கினது, மாமி. கொண்டுவந்தது நான்தானே."

எங்களை உள்ளே அனுப்பிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார். விமானம் மேலே எழும்பியதும் எங்கள் தீவு தெரிகிறதா என்று தேடினேன். தேடி முடிப்பதற்குள் காடுகள் வந்துவிட்டன.

அம்மாவைக் கண்டதும் அப்பா மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் பிடிவாதம் பிடித்தபடி எங்களோடு இருந்தார். அந்த வருஷங்களை அக்கா தந்ததாகவே இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பா கேட்டார்: "நல்ல நேரத்திலையோ வெளிக்கிட்டனீர்?"

"ஓம்" என்ற அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பாவம், காலமை ஒண்டும் சாப்பிடாமல் பையோடை வந்தவள். இன்னும் வீட்டை போய்ச் சேர்ந்திருக்கமாட்டாள்."