அன்புக்கரசி வாங்கிய மழைக்கோட்டு

அன்புக்கரசி கோட்டூர்புரத்திலிருந்து தி.நகருக்குத் தினமும் சைக்கிளில்தான் போவாள். அங்கே ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. மழைக்காலம் வந்தால் மட்டும் சிக்கல். ஈரச் சேலையோடு பட்டைத் தொட முடியுமா? நனைந்து வந்தால் மேற்பார்வையாளர் தனபாலன் அவளைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார். புடவையை விரித்துக் காட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றிருப்பவளுக்கு அது தாங்காது.

போன ஐப்பசியில், தலைவழியே மாட்டும் தொளதொள ரெயின்கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அடையாற்றுப் பாலத்தின் மேல் காற்று அதைத் தூக்கி முகத்தில் அறைந்தது. கண் தெரியாமல் பாலத்துச் சுவரில் மோதி விழுந்தாள்.

சிராய்த்த முழங்கையைப் பார்த்துக் கணவன் செம்பியன் பதறினான். "இன்னாத்துக்கு இந்த ரோதனை? மழையில பஸ்ஸுல போயேன்."

"கோட்டு சரியில்லன்னா கோட்டைத்தான் மாத்தணும். சைக்கிளை ஏன் உடணும்?"

வார விடுமுறையன்று உமர் ஃபாரூக்கின் ரெயின்கோட்டுக் கடைக்குப் போனாள். பூப்போட்ட லேடீஸ் கோட்டுகளை அவர் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பெடல் மிதிப்பதுபோல் காலை ஆட்டினாள். ஒன்று முழங்காலில் இழுத்தது. இன்னொன்றில் தலையைத் திருப்பினால் தொப்பி கூடவே திரும்பாமல் கண்ணை மறைத்தது. வாசலில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் மேலே தொங்கிய கோட்டு, பேன்ட்டு செட்டைக் காட்டினாள்.

"அது ஜென்ட்ஸ் செட்டு, அக்கா."

"ஏன், ஆம்பளைங்க மேல மட்டும்தான் மழை பேயுதா? எடுங்க பாய்."

சேலையை முழங்கால்வரை செருகி, மேலே பேன்ட்டை இழுத்துவிட்டாள். கால் தாராளமாகச் சுழன்றது. தொப்பியில் நாடா இருந்தது. இழுத்துக் கட்டினால் தலையோடு திரும்பியது.

கார்த்திகையில் ஒருநாள் விடியும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நந்தனத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கடை ஓரங்களில் ஒதுங்கி நின்றார்கள். "யக்கா, செம கெத்து!" என்று ஒருவன் கத்தினான். அன்புக்கரசி மணியை அடித்துவிட்டு மிதித்தாள்.

கடையில் பட்டுப் பிரிவுக்கு வேறு யாருமே வந்து சேரவில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பம் ஒன்று காத்திருந்தது. தனபாலன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் வாசலிலேயே கோட்டையும் பேன்ட்டையும் கழற்றி உதறி, செருகிய சேலையை இறக்கிவிட்டாள். சேலையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"எப்பிடிம்மா வந்தே?" என்றார் அவர்.

"சைக்கிள்லதான் சார்."

கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினாள். அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து, கல்யாணப் பெண்ணின் முன்னால் ஒரே வீச்சில் விரித்தாள். அன்று பிரிவு முழுவதும் அவள் ராஜ்ஜியம்தான்.