நாலாம் பந்தியும் ஐந்து பொட்டு சன்ஸ்கிறீனும்

பாடசாலையின் வெயில் பாதுகாப்பு விதிகள், நாலாம் பந்தி: செப்ரெம்பர் முதல் ஏப்ரல் முடியும்வரை, வெளியே விளையாடப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் தொப்பி அணிந்து சன்ஸ்கிறீன் பூசியிருக்கவேண்டும். விதிவிலக்கு எதுவும் இல்லை. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் சுற்றுநிருபம் வாசித்தே இளைப்பாறியவன் நான், அடிக்குறிப்பையும் பார்த்துவிட்டேன்.

பெப்ரவரியில் விளையாட்டுப் போட்டியன்று என் பேத்தி அபி, பின்கழுத்து கன்றி, தொட்டால் துள்ளுகிற எரிவோடு மெல்பேர்னில் கிளென் வேவர்லி வீட்டுக்கு வந்தாள்.

"மிஸ் கிறீம் பூசேல்லையோ?"

"எல்லாருக்கும் போட்டவா, அம்மப்பா. என்னட்ட வரேக்க, யூ டோன்ட் நீட் இட், டார்லிங் எண்டு போத்தலை மூடிட்டா."

காலையில் வீட்டிலும் பூசித்தான் அனுப்பினோம். ஆனால் என் மகள் வாசுகி பூசியது எங்கள் முறையில்: நெற்றி, மூக்கு, கன்னங்கள், நாடி என்று ஐந்து பொட்டு, இழுத்துத் தேய்த்து, மேலே பவுடர். ஊரில் முகம் வெளுக்கவென்று கிறீம் பூசிய பழக்கம். அடுத்த மாதம் அவள் தங்கையின் கலியாணம். "பிள்ளை படத்தில கறுப்பா விழுவாள், அப்பா" என்பதே அவள் கவலை. கழுத்தும் காதும் படத்தில் விழாது போலும்.

ஊரில் நானும் குடை பிடித்தே கச்சேரிக்குப் போனவன். அந்த வெயில் நேர்மையானது; சுட்டுச் சொல்லிவிடும், நாங்களும் ஒதுங்குவோம். மெல்பேர்ன் வெயில் குளிர்காற்றுக்குப் பின்னால் நின்று வேலை பார்க்கிறது. கறுத்த தோல் எரிய நேரமெடுக்கும், எரியாது என்றில்லை. தாராளமாக, இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் பூசும்படி போத்தலின் முதுகிலேயே எழுதியிருக்கிறது.

"கறுப்பெண்டா தேவையில்லை எண்டு மிஸ் சொல்றா. கறுக்கக்கூடாதெண்டு அம்மா பூசுறா. ஹூ இஸ் ரைட், அம்மப்பா?"

இருவரும் அவளுடைய நிறத்தைத்தான் பார்த்திருந்தார்கள். தோலை எவரும் பார்க்கவில்லை.

மறுநாள் பாடசாலை அலுவலகப் பெண்மணி, உங்களுக்கெல்லாம் எவ்வளவு அழகான தோல், அதிர்ஷ்டசாலிகள் என்றார். நன்றி, நான் நாலாம் பந்தி பற்றிப் பேச வந்தேன் என்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் கனிவாகச் சிரித்தார். எழுதிக் கொடுத்தேன்: 'ஒவ்வொரு பிள்ளையும்' என்பதில் அபியும் அடக்கமா?

வாசுகி பவுடரை நிறுத்தினாள். கலியாணம் முடிந்தது, படத்தில் அபி அவள் நிறத்திலேயே, உரிந்த கழுத்தோடு சிரிக்கிறாள். பள்ளியால் வந்ததும் தினமும் ஒரே கேள்வி: "எனி ரிப்ளை?"

கடைசியில் வந்தது. ஒரே வரி: ஆம், எல்லாப் பிள்ளைகளும். அபி இரண்டுதரம் வாசித்தாள். பிறகு, ஏப்ரல் முடிந்து மற்றப் பிள்ளைகளின் தொப்பிகளெல்லாம் அலுமாரிக்குள் போய்விட்ட அன்று, தன்னுடையதை மாட்டிக்கொண்டு வாசல் தூறலில் போய் நின்றாள்.

பதில் வந்த திகதி, மே ஒன்று.