தோளில் இரண்டு தட்டு

இதைக் கட்டுக்கதை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. மக்காவ் கேசினோ ஒன்றில் முப்பத்தோரு வருடம் சீட்டுப் போட்டவன் நான், பெயர் ஊங். அங்கே பேய் எதுவும் சூதாட வந்து பார்த்ததில்லை. வந்த மனிதர்கள்தான் திரும்பும்போது பேயறைந்தவர்கள் மாதிரிப் போவார்கள்.

அன்று ஒன்பதாம் மேஜை. காலை 11.50. எதிரே வோங் சுட்-ஃபான் என்ற பெண்மணி. "தண்ணி" என்று அவள் கேட்டதும், என் சட்டைக்கைக்குள் ஒளித்திருந்த சீட்டுகளை ஆட்டத்தில் நுழைக்க வேண்டும். அவளே அடுக்கிக் கொடுத்த சீட்டுகள். மாட்டினால் ஜெயில். மறுத்தால் என்ன என்பதை முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"உம் பொண்ணு நீலப் பை மாட்டிக்கிட்டுத் தனியாத்தானே ஸ்கூலுக்குப் போகுது? பாத்தேன். அழகான பை."

11.52.

"ஊங் தம்பி, தொண்டை காயுதுப்பா. தண்ணி."

என் விரல் சட்டைக்கைக்குள் போனது. அப்போது தோளில் தட்டு. டப்... டப்.

மேஜையில் எங்களை மாற்ற அடுத்த ஆள் வந்து தோளைத் தட்டினால் நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை கைதட்டி, எதையும் எடுக்கவில்லை என்று இரு உள்ளங்கைகளையும் மேலே கேமராவுக்கு விரித்துக் காட்டிவிட்டு நகர வேண்டும். பழகிய கை தானாகச் செய்தது. நகர்ந்துவிட்டேன்.

சீட்டுகளைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டுவிட்டுத் தேநீர் அறையில் உட்கார்ந்தேன்.

11.58. மேற்பார்வை பார்க்கும் சியாங் அக்கா உள்ளே வந்தாள்.

"இங்க என்ன பண்றே?"

"ஆள் மாத்திட்டாங்களே அக்கா."

"யாரு மாத்தினா? இப்பதானே உன்னை மேஜையில பாத்துட்டு வர்றேன். குசும்பா?"

ஓடினோம்.

மேஜையில் யாரும் இல்லை. வோங்கின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

என் தொலைபேசி அதிர்ந்தது. அவளிடமிருந்து செய்தி.

'உன் மகள் பக்கமே வர மாட்டேன். தயவுசெய்து அப்படிச் சிரிக்காதே.'

நான் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை...

"வாடா, கேமராவுல பாத்துடுவோம்," என்றாள் அக்கா.

11.52. திரையில் நான் கைதட்டிவிட்டுப் போகிறேன். பின்னால் தட்டியவர் யாருமில்லை.

11.53. மேஜையில்... நான்.

நாலு ஆட்டம். என்னைவிடச் சுத்தமாகப் போடுகிறான். நாலாவதில் தலைநிமிர்ந்து அவளைப் பார்க்கிறான். அவள் விழுந்தடித்து ஓடுகிறாள்.

11.56. கைதட்டுகிறான். உள்ளங்கைகளை விரிக்கிறான்.

"பெருசாக்கு," என்றாள் அக்கா.

கேமரா அறைக்காரர்கள் பெரிதாக்கினார்கள்.

ஒரு கையிலும்... ரேகையே இல்லை.