இருபதாவது நொடியில் ஒரு வரப்பு

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். சீர்காழிப் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் அரிசி நிறுவனத்துக்கு ஒரு நிமிட விளம்பரப் படம் எடுக்கச் சொன்னபோது, இனி ஹோமப் புகையில் கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். படம் தேறினால் வருடம் முழுக்க அவர்களுடைய வேலை எனக்கு. தேறாவிட்டால் மறுபடி மணமேடைதான். வெளியே விடுமுன் தங்கள் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேருக்குப் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

சென்னையிலிருந்து நண்பன் ஒருவன் கருவிகளோடு வந்தான். விளம்பரம் பார்ப்பவரின் மனதை அளப்பதுதான் அவன் தொழில். தலையில் மாட்டும் பட்டை மூளை அலைகளைப் பிடிக்கும். திரைக்கடியில் இருக்கும் சின்ன கேமரா, கண் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளும். பட்டை சீக்கிரமே தோற்றது. படம் பார்க்க வந்த பன்னிரண்டு பேரும் விசேஷத்துக்குக் கிளம்புவதுபோல் தலை நிறைய எண்ணெய் வைத்திருந்ததில் அது ஒட்டவே இல்லை. கேமராவை மட்டும் நம்பினோம்.

வந்தவர்களுக்கு முதலில் பொங்கலும் வடையும் போட்டோம். பிறகு ஒவ்வொருவராகப் படம் பார்த்து, கருத்துப் படிவம் எழுதினார்கள். பன்னிரண்டு படிவத்திலும் ‘மிக அருமை’. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்பன்தான் முகம் சுளித்தான். இருபதாவது நொடியில் நடிகை வயலில் நின்று அரிசிப் பையைக் காட்டிச் சிரிக்கிறாள். ஒருவர் கண்கூட அவள் பக்கம் போகவில்லை. எல்லாம் இடது மூலையில் மொய்த்திருந்தன. கேமரா கோணலோ என்று திருப்பி வைத்து, இரண்டு பேருக்கு மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தோம். அதே மூலைதான். எனக்கு அங்கே பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்த அம்மா, குத்தகைக்கு இரண்டு மா நிலம் பயிர் செய்பவர், கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்திக் கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை.

“அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி வரப்பு உடைஞ்சு தண்ணி போவுது தம்பி. யாராச்சும் அடைப்பாங்களான்னே பாத்துக்கிட்டிருந்தேன். படம் முடிஞ்சிருச்சு.”

படிவத்தில் ஏன் எழுதவில்லை என்றேன்.

“பொங்கலப் போட்டுட்டுக் காயிதத்த நீட்டுனா என்னத்தங்க எழுதுறது? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண முடியுமா?”

நானும் இந்த ஊர்க்காரன்தான். அந்த வரப்புக்கு எதிரேயே கேமராவை வைத்துக்கொண்டு அரை நாள் நின்றிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுவாரம் அந்த அம்மாவையே கூப்பிட்டு அதே காட்சியை எடுத்தேன். சேலையை இழுத்துச் செருகி, மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டி, உடைப்பில் மண்ணை அப்பி, காலால் மிதித்தார். அதற்குப் பிறகுதான் நடிகை பையை நீட்டினாள்.

இரண்டாவது சோதனையில் படிவம் முதலில், பொங்கல் அப்புறம். மண் விழும்வரை எல்லோர் கண்ணும் உடைப்பிலேயே இருந்தது. தண்ணீர் நின்றதும் ஒருவர் பாக்கியில்லாமல் அரிசிப் பைக்கு வந்தார்கள்.

அந்த அம்மாவின் படிவத்தை முதலில் தேடி எடுத்தேன். ‘தண்ணி நின்னுடுச்சு. அப்புறந்தான் அரிசியப் பாத்தேன். அந்தப் பொண்ணு பேச்சு ஜாஸ்தி. அடுத்த படத்துல கொறைங்க’ என்று எழுதியிருந்தார்.

அடுத்த படத்தில். அதை இரண்டு முறை படித்துவிட்டு, நிம்மதியாகப் பொங்கல் வாங்கப் போனேன்.